மொறிஸ்: எழுந்ததும் விழுந்ததும் – திருகோணமலையில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

திருகோணமலையில் மொறிஸ் மைனர் என்ற பழைய பிரித்தானியக் கார் வைத்திருப்பவர்கள் பெற்றோல் செட்டில் நின்றாலும் கோயில் வாசலில் நின்றாலும் யாராவது வந்து ஏதாவது கேட்பார்கள். பெரியவர்கள் தங்கள் காலத்துக் காரைப் பற்றிக் கேட்பார்கள். இளம் பிள்ளைகள் இந்தக் கொம்பனி இப்போது எங்கே இருக்கிறது என்று கேட்பார்கள். திரும்பத் திரும்ப வரும் கேள்விகளுக்கு என்னால் முடிந்தவரை இங்கே விடை எழுதியிருக்கிறேன்.

மொறிஸ் என்பது ஆளின் பெயரா, ஊரின் பெயரா?

ஆளின் பெயர். வில்லியம் மொறிஸ் 1877ல் இங்கிலாந்தின் வூஸ்டரில் பிறந்து ஒக்ஸ்போர்ட் பக்கம் வளர்ந்தவர். 15 வயதில் படிப்பை விட்டு ஒரு சைக்கிள் கடையில் சேர்ந்தார். சம்பளம் கூட்டிக் கேட்டார், கிடைக்கவில்லை. 1893ல் வெறும் 4 பவுண் முதலோடு தாய் தகப்பனின் வீட்டிலேயே சைக்கிள் திருத்தத் தொடங்கினார். சைக்கிளிலிருந்து மோட்டார் சைக்கிளுக்கும், அங்கிருந்து காருக்கும் போனார். 1913ல் அவருடைய முதல் கார் வெளிவந்தது. மூக்கு உருண்ட அந்தக் காருக்கு ஒக்ஸ்போர்ட் என்று பெயர் வைத்தார். கௌலி என்ற இடத்தில் தொழிற்சாலை அமைத்தார்.

அவர் வளர்ந்த விதத்தைக் கவனிக்க வேண்டும். எல்லாவற்றையும் தானே செய்ய அவர் முயலவில்லை. எஞ்சினை ஒருவரிடம், அச்சை இன்னொருவரிடம், பொடியை, அதாவது காரின் உடம்பை, வேறொருவரிடம் வாங்கிப் பூட்டினார். கையில் காசு சேர்ந்த பிறகுதான் அந்தச் சாமான் செய்தவர்களின் தொழிற்சாலைகளை ஒவ்வொன்றாக வாங்கினார். 1921ல் வியாபாரம் படுத்து, தொழிற்சாலை வளவில் விற்காத கார்கள் குவிந்து கிடந்தன. மற்ற முதலாளிகள் விலையைக் கூட்ட யோசித்த நேரத்தில் அவர் 525 பவுண் காரை 425க்கு இறக்கினார். கார்கள் போய்த் தீர்ந்தன. 1924ல் பிரித்தானியாவில் ஃபோர்டை முந்தி முதலிடத்துக்கு வந்துவிட்டார். 1927ல் வூல்ஸ்லியையும் 1938ல் ரைலியையும் வாங்கினார்.

நவீல்ட் பிரபு என்று சொல்வதும் இவரைத்தானா?

ஆம். அரசு கொடுத்த பட்டம் அது. இவருக்குப் பிள்ளைகள் இல்லை. உழைத்ததில் பெரும்பகுதியை மருத்துவத்துக்கும் கல்விக்கும் கொடுத்தார். ஒக்ஸ்போர்டில் நவீல்ட் கல்லூரி 1937ல் அவர் கொடுத்த பணத்தில் உருவானது. எனக்கு இதில் பெரிதாகத் தெரிவது இன்னொரு வேலை. இளம்பிள்ளை வாதம் வந்து மூச்சு விட முடியாமல் போனவர்களை உயிரோடு வைத்திருக்க அந்தக் காலத்தில் இரும்பு நுரையீரல் என்ற பெட்டி இருந்தது. 1938ல் அதைத் தன்னுடைய கார்த் தொழிற்சாலையிலேயே செய்வித்து, பேரரசின் எந்த வைத்தியசாலை கேட்டாலும் இலவசமாக அனுப்புவதாகச் சொன்னார். 1,700க்கு மேற்பட்ட பெட்டிகள் அப்படிப் போயின. மொறிஸ் என்ற பெயரைப் பேசும்போது இதையும் சேர்த்துப் பேச வேண்டும் என்பது என் விருப்பம்.

மைனரை வரைந்தது யார்?

அலெக் இசிகோனிஸ். துருக்கியின் ஸ்மிர்னாவில், இன்றைய இஸ்மீரில், 1906ல் பிறந்தவர். பிறகு மினி காரையும் இவரே உருவாக்கினார். உலகப் போர் நடந்துகொண்டிருந்தபோதே ஒரு சிறு குழுவோடு மைனரின் வேலையைத் தொடங்கிவிட்டார். முதலாளி மொறிசுக்கு இந்தக் கார் பிடிக்கவில்லை. உடைத்து அவித்த முட்டை போல இருக்கிறது என்று சொல்லிவிட்டார். இருந்தாலும் உள்ளே சிலர் விடாமல் தாங்கிப் பிடித்ததால் 1948 ஒக்டோபரில் லண்டன் கண்காட்சியில் மைனர் வெளிவந்தது.

அதற்கு முன் நடந்த ஒரு சங்கதியை இன்றும் காரில் பார்க்கலாம். மாதிரிக் கார் ஒடுக்கமாக இருக்கிறது என்று இசிகோனிசின் மனம் ஒப்பவில்லை. காரை நீளவாக்கில் இரண்டாக அறுத்து, இரு பாதிகளையும் தள்ளித் தள்ளி வைத்துப் பார்த்தார். 4 அங்குலம் அகன்றபோது கண்ணுக்குச் சரியாக இருந்தது. அப்படியே நிறுத்திவிட்டார். மைனரின் பொனெட்டின் நடுவே மேலிருந்து கீழாக ஓடும் அந்தத் தட்டையான பட்டை அந்த 4 அங்குலம்தான். பம்பர்கள் ஏற்கெனவே செய்து முடிந்திருந்ததால், ஆரம்ப காலக் கார்களில் அவற்றையும் நடுவே வெட்டி ஒட்டுத் துண்டு போட்டார்கள். இனி ஒரு மைனர் கண்ணில் பட்டால் நேர் முன்னே நின்று பொனெட்டைப் பாருங்கள்.

அப்படி என்ன சிறப்பு அதில்?

ஓட்டிப் பார்த்தால் புரியும். அந்தக் காலத்துச் சின்னக் கார்கள் வளைவில் சாயும், ஸ்டியரிங் தொளதொளக்கும். மைனருக்குப் பல்லுச் சட்டமும் பல்லுச் சில்லும் சேர்ந்த ரக் அண்ட் பினியன் ஸ்டியரிங், முன்னால் அதிர்வைத் தாங்கும் முறுக்குக் கம்பி, மூலைகளுக்குத் தள்ளி வைத்த சிறிய 14 அங்குலச் சில்லு. தாழ்ந்து நின்று வளைவைப் பிடித்துப் போகும். பிரித்தானியாவில் 10 இலட்சத்தைத் தொட்ட முதல் கார் இதுதான். அந்தக் கணக்கு 1960 இறுதியில் நிறைந்தது. அதைக் கொண்டாட 1961ல் இளம் ஊதா நிறத்தில் 350 கார்கள் செய்தார்கள். எல்லாம் முடிந்தபோது மொத்தம் சுமார் 16 இலட்சம்.

இவ்வளவு விற்ற கொம்பனி ஏன் அழிந்தது?

அதிகம் கேட்கப்படும் கேள்வி இது. வேலைநிறுத்தங்களால் என்று பலர் ஒரே வரியில் முடித்துவிடுவார்கள். வேலைநிறுத்தங்கள் நடந்தது உண்மை. ஆனால் வியாதி அதற்கு 20 வருடம் முன்பே தொடங்கிவிட்டது.

1952ல் மொறிசும் அதன் பரம எதிரியான ஒஸ்டினும் சேர்ந்து பி.எம்.சி. (பிரிட்டிஷ் மோட்டார் கோர்ப்பரேஷன்) ஆகின. தலைவராக வந்தவர் ஒஸ்டினின் லெனார்ட் லோர்ட். இவர் முன்பு மொறிசிடம் வேலை செய்து, 1936ல் கோபித்துக்கொண்டு வெளியேறியவர். சேர்ந்தது பெயரளவில்தான். இரண்டு பக்கமும் தனித்தனி வியாபாரிகள், தனித்தனித் தொழிற்சாலைகள், பழைய பகை. ஒஸ்டின் கடைக்காரருக்கு ஒரு கார் கொடுத்தால் மொறிஸ் கடைக்காரருக்கும் அதே காரை முகப்பு மாற்றிக் கொடுக்க வேண்டும். 1959ல் மினி வந்தபோது ஒரே காருக்கு ஒஸ்டின் பெயர் ஒன்று, மொறிஸ் பெயர் ஒன்று. 1962ல் வந்த 1100 இன்னும் மோசம். ஒஸ்டின், மொறிஸ், எம்.ஜி., வூல்ஸ்லி, ரைலி, வான்டன் பிளாஸ் என்று அதே உடம்புக்கு 6 பெயர். அந்தக் கார் பிரித்தானியாவில் நன்றாக விற்றது. விற்ற அளவுக்கு இலாபம் தங்கவில்லை. பெயரைக் கேட்டால் இன்ன குணமுள்ள கார் என்று மனதில் வர வேண்டும். 10 வருடத்தில் மொறிஸ் என்பது முகப்பில் ஒட்டும் ஒரு தகடாகிவிட்டது.

இரண்டாவது, மைனரையே அப்படியே விட்டுவிட்டார்கள். 1962ல் எஞ்சினை 1098 சிசிக்குக் கூட்டியதோடு பெரிய மாற்றங்கள் நின்றுவிட்டன. அதன் பிறகு 9 வருடம் அதே கார். இதே காலத்தில், 1966ல், ஜப்பானிலிருந்து டட்சன் சனியும் டொயோட்டா கொரோலாவும் பிறந்தன. சின்னக் குடும்பம், அளவான விலை, தொல்லையில்லாத கார் என்று மைனர் பிடித்து வைத்திருந்த இடம் அது. அந்த இடத்தைக் காக்க மொறிசிடம் புதிதாக ஒன்றும் இருக்கவில்லை. என் மனதை இன்றும் வருத்துவது இந்தப் பகுதிதான், ஏனென்றால் அதைச் செய்யக்கூடிய ஆட்கள் அவர்களிடமே இருந்தார்கள்.

1968ல் அரசின் தூண்டுதலோடு லேலண்ட் வந்து எல்லாவற்றையும் விழுங்கியது. நம்முடைய இ.போ.ச. பஸ்களைச் செய்த அதே லேலண்ட்தான். பிரிட்டிஷ் லேலண்ட் என்ற அந்தப் பெருங்கூட்டத்துக்குள் ஜாகுவாரும் ட்ரயம்பும் ரோவரும்கூட இருந்தன. தொடக்கத்தில் நாட்டுச் சந்தையில் சுமார் 40 வீதம் அவர்களிடம். 1971ல் மைனரை நிறுத்தி, அவசர அவசரமாக மரீனா என்ற காரை இறக்கினார்கள். புதுக் கார் என்று சொல்லப்பட்ட அதன் முன் சஸ்பென்ஷன், 1948 மைனரின் ஏற்பாட்டிலிருந்து வந்தது. மரீனா 8 இலட்சத்துக்கு மேல் விற்றது, ஆனால் நல்ல பெயர் வாங்கவில்லை. வேலைநிறுத்தம், கார் பூட்டும் வேலையில் தரக்குறைவு, எண்ணெய் விலை உயர்வு எல்லாம் ஒன்றாக வந்து விழ, 1975ல் அரசே கொம்பனியை ஏற்க வேண்டியதாயிற்று.

1980ல் மரீனாவை மினுக்கி இற்றல் என்று பெயர் வைத்தார்கள். அது 1984ல் நின்றது. அதுவே மொறிஸ் பெயரில் வந்த கடைசிக் கார். ஒரு சிறிய வான் மட்டும் அடுத்த வருடம்வரை அந்தப் பெயரைச் சுமந்தது. அந்த நேரம் கொம்பனியின் பங்கு 20 வீதத்துக்கும் கீழே போயிருந்தது.

மிச்சக் கொம்பனிக்கு என்ன நடந்தது?

ரோவர் என்ற பெயரில் கைமாறிக் கைமாறிப் போனது. 1988ல் பிரிட்டிஷ் ஏரோஸ்பேஸ், 1994ல் பி.எம்.டபிள்யூ. 2000ல் மினியைத் தன்னிடம் வைத்துக்கொண்டு, ரோவரை 10 பவுணுக்கு பி.எம்.டபிள்யூ. விட்டுக்கொடுத்தது. 2005 ஏப்ரலில் அதுவும் மூடப்பட்டது. கௌலியில் இன்று பி.எம்.டபிள்யூவின் மினி செய்யப்படுகிறது. பழைய மொறிஸ் தொழிற்சாலையின் பெரும்பகுதியை 1990களில் இடித்துவிட்டார்கள்.

இப்போது ஓடும் எம்.ஜி. கார்களுக்கும் மொறிசுக்கும் தொடர்பு உண்டா?

எழுத்தில் உண்டு. எம்.ஜி. என்பது மொறிஸ் கராஜஸ். ஒக்ஸ்போர்டில் வில்லியம் மொறிசின் விற்பனை நிலையத்திலிருந்து பிறந்த பெயர். 2005க்குப் பிறகு சீனாவுக்குப் போய், இப்போது ஷாங்காயின் எஸ்.ஏ.ஐ.சி. கையில் இருக்கிறது.

அம்பாசிடரும் மொறிஸ்தான் என்கிறார்களே?

உண்மை. 1956ல் வந்த மொறிஸ் ஒக்ஸ்போர்ட் மூன்றாம் வரிசைக் கார்தான் இந்தியாவில் ஹிந்துஸ்தான் அம்பாசிடர் ஆனது. மேற்கு வங்கத்தின் உத்தர்பாராவில் 2014 மே வரை செய்தார்கள். தாய்க் கொம்பனி அழிந்து 30 வருடத்துக்குப் பிறகும் பிள்ளை ஓடியது.

இலங்கையில் மட்டும் ஏன் இத்தனை மைனர்கள் மிஞ்சின?

முதற் காரணம், புதுக் கார் வர வழியில்லாமல் போனது. 1960களிலும் 70களின் பெரும்பகுதியிலும் வெளிநாட்டுச் செலாவணி இல்லாமல் கார் இறக்குமதி இறுக்கப்பட்டது. இருந்த காரைத் திருத்தி ஓட்டுவதைத் தவிர வேறு வழி இல்லை. 1977க்குப் பிறகு கதவு திறந்து ஜப்பான் கார்கள் வந்தபோது, தெற்கில் மைனர்கள் பின்னுக்குப் போகத் தொடங்கின. வடக்கிலும் கிழக்கிலும் சில வருடங்களிலேயே போர் வந்துவிட்டது. புதுச் சாமான் வருவதும் நின்றது. பழைய காரின் மதிப்பு இரண்டாம் முறையும் கூடியது.

திருகோணமலைக்கென்று ஒரு சங்கதி உண்டு. 1957 வரை துறைமுகம் பிரித்தானியக் கடற்படையிடம் இருந்தது. பிரித்தானிய இயந்திரங்களைத் திருத்திப் பழகிய கைகள் இந்த ஊரில் இருந்தன. இன்னொன்று நம் பாதைகள், அதாவது வாகனம் ஏற்றும் மிதவைகள். மூதூர் பக்கம் போவதென்றால் 2009ல் பாலம் திறக்கும்வரை கிண்ணியாத் துறையில் பாதையில் ஏற்றித்தான் கொண்டுபோக வேண்டும். ஒடுங்கிய, பாரம் குறைந்த மைனர் பாதையில் ஏறி இறங்க வசதி. சில்லு மணலில் புதைந்தாலும் நாலு பேர் தள்ளினால் வெளியே வந்துவிடும்.

மண்ணெண்ணெயில் ஓடியது என்பது கதையா?

கதை இல்லை. 1990களில் பொருளாதாரத் தடைக்குள் இருந்த யாழ்ப்பாணத்தில் மைனரும் ஒஸ்டின் ஏ40யும் மண்ணெண்ணெயில்தான் ஓடின. சின்னப் போத்தலில் வைத்த கொஞ்சப் பெற்றோலில் ஸ்டார்ட் செய்து, எஞ்சின் நன்றாகச் சூடானதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். இந்த எஞ்சின்களில் அழுத்தம் குறைவு, காற்றும் எண்ணெயும் போகும் குழாய் புகைக் குழாயோடு ஒட்டி இருப்பதால் சூடு கிடைக்கும், அதனால் மண்ணெண்ணெய் ஆவியாகும். இன்றைய கார்களில் இது நடக்காது. ஆனால் எரியாத மண்ணெண்ணெய் கீழே இறங்கி ஒயிலை நீராக்கும். ஒயிலை அடிக்கடி மாற்றாத எஞ்சின்கள் தேய்ந்து போயின. தேவை இல்லாத காலத்தில் ஆசைக்குச் செய்து பார்க்க வேண்டாம்.

என்னிடம் இருப்பது எந்தக் காலத்து மைனர்?

முன் கண்ணாடி நடுவே தடுப்போடு இரண்டாக இருந்தால் 1956க்கு முற்பட்டது. விளக்கு கிறிலுக்குப் பக்கத்தில் தாழ்வாக இருந்தால் ஆரம்ப காலத்தது, அதற்கு 918 சிசி எஞ்சின். ஒற்றைக் கண்ணாடி என்றால் மைனர் 1000. 1962 வரை 948 சிசி, பிறகு 1098. கதவுத் தூணிலிருந்து கை போல வெளியே வரும் சிக்னல் இருந்தால் 1961க்கு முன். நம்பர் தகடும் சொல்லும். ஈ.என்., ஈ.எல்., சீ.எல். போன்ற ஈரெழுத்துத் தகடுகள், நம்பர் தகட்டில் சிங்கள ஸ்ரீ எழுத்து வருவதற்கு முற்பட்டவை. அந்தச் சிங்கள ஸ்ரீயை எதிர்த்து 1958ல் தமிழ் மக்கள் நடத்திய போராட்டம் தெரிந்த குடும்பங்களில், பழைய ஈரெழுத்துத் தகட்டைக் கழற்ற மனம் வராது.

கடற்கரையில் இருக்கிறோம். உப்புக் காற்று தின்றுவிடாதா?

தின்னும். அதுவும் கண்ணுக்குத் தெரியாத இடத்தில். மைனருக்கு லொறி போலத் தனி அடிச்சட்டம் கிடையாது. பொடியே அடிச்சட்டம். முன் ஆசனங்களுக்குக் கீழே குறுக்கே ஒரு பெட்டித் தகடு போகிறது. முன் சஸ்பென்ஷனின் முறுக்குக் கம்பிகள் அதில்தான் பிடித்து நிற்கின்றன. கதவுக்குக் கீழுள்ள ஓரப் பெட்டி, பின் வில்லுத் தகடு தொங்கும் இடம், இவையும் அப்படித்தான். காரின் வெளிப் பூச்சு மினுங்கும், கீழே ஸ்குறூட்ரைவரால் குத்தினால் உள்ளே போய்விடும். உப்புவெளி, நிலாவெளிப் பக்கம் இருப்பவர்கள் மாரி முடிந்ததும் அடிப்பக்கத்தை நல்ல தண்ணீரால் கழுவிக் காயவிட்டு, பழைய ஒயிலோ மெழுகுப் பூச்சோ அடியுங்கள். வாங்கப் போகிறவர்கள் பட்டி பூசியதை நம்பாமல் கீழே படுத்துப் பாருங்கள்.

முன் சில்லு மடிந்து விழும் என்று பயமுறுத்துகிறார்கள்.

பயப்பட வேண்டிய விசயம்தான். சில்லைத் தாங்கும் தூணின் அடியில் மரையோடு திரும்பும் ஒரு மூட்டு இருக்கிறது. கிறீஸ் இல்லாமல் மரை தேய்ந்தால் தூண் அதிலிருந்து கழன்று, சில்லு காருக்கு அடியில் மடியும். பெரும்பாலும் மெதுவாகத் திருப்பும்போது நடக்கும், அது அதிர்ஷ்டம். ஒவ்வொரு 1,000 மைலுக்கும், முன்பக்கத்தை ஜக் போட்டுத் தூக்கி, பாரம் இறங்கிய நிலையில் கிறீஸ் அடியுங்கள். பழைய கிறீஸ் பிதுங்கி வெளியே வரும்வரை அடிக்க வேண்டும். நல்ல மெக்கானிக் பாஸ் ஒருவரிடம் காரை விட்டால் அவர் முதலில் கேட்பது இதுவாகத்தான் இருக்கும்: "தம்பி, கடைசியா எப்ப கிறீஸ் அடிச்சனீங்கள்?"

சாவியைத் திருப்பினால் டிக் டிக் என்று ஒரு சத்தம் வருகிறதே?

பெற்றோல் பம்ப். எஞ்சின் அறையின் பின் சுவரில் கறுப்பு மூடியோடு இருக்கும். சாவி போட்டதும் நாலைந்து முறை வேகமாக அடித்து, காபரேற்றர் நிரம்பியதும் நின்றுவிட வேண்டும். நிற்காமல் அடித்தால் டாங்கியில் பெற்றோல் இல்லை, அல்லது எங்கோ ஒழுகுகிறது. சத்தமே இல்லை என்றால் உள்ளே பொயின்ட், அதாவது மின்சாரம் தொடுக்கும் முனை, ஒட்டியிருக்கும். ஸ்பனர் பிடியால் மெதுவாகத் தட்டினால் வீடு வரும்வரை ஓடும். வீடு வந்ததும் மூடியைக் கழற்றிப் பொயின்டைச் சுத்தம் செய்யுங்கள்.

ஈயம் இல்லாத பெற்றோல் எஞ்சினைக் கெடுக்குமா?

மெதுவாக ஓடும் நகர ஓட்டத்தில் பெரிதாக ஒன்றும் செய்யாது. ஹபரணைப் பக்கம் நீண்ட தூரம் வேகமாக ஓட்டினால் வால்வு இருக்கைகள் சிறிது சிறிதாகத் தேயும். எஞ்சினின் தலையைக் கழற்றும் வேலை எப்போதாவது வந்தால், கடினமான இருக்கை வளையம் போட்டுவிடுங்கள்.

சாமான் கிடைக்குமா?

நம்புங்கள், அநேக புதுக் கார்களை விடச் சுலபமாகக் கிடைக்கும். 1990களில் தெற்கில் மைனருக்கான தகடுகளும் பாகங்களும் செய்து இங்கிலாந்தின் பாத் நகருக்கே ஏற்றுமதி செய்தார்கள். மைனர் பிறந்த நாட்டுக்கு நம் நாட்டிலிருந்து சாமான் போனது. ரப்பர், புஷ், பிறேக் சாமான்கள் கொழும்பில் எடுக்கலாம்.

பழைய எஞ்சினைக் கழற்றி ஜப்பான் எஞ்சின் போடலாமா?

நாட்டில் நிறையப் பேர் செய்திருக்கிறார்கள். தினமும் கந்தளாய் போய்வர வேண்டியவரைக் குறை சொல்ல மாட்டேன், ஓடாமல் வளவில் உக்குவதை விட அது மேல். ஆனால் வேகம் கூடினால் பிறேக்கும் கூட வேண்டும். முன்னால் டிஸ்க் போடாமல் பெரிய எஞ்சின் ஏற்றாதீர்கள். கழற்றிய எஞ்சினைப் பழைய இரும்புக்கு விற்காதீர்கள். ஒயில் ஊற்றி, பிளக் துளைகளை அடைத்து, ஈரமில்லாத இடத்தில் வையுங்கள். எஞ்சின் இலக்கம் மாறியதை மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் பதிந்து புத்தகத்திலும் மாற்றிக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் விற்கும் நாளில் பிரச்சினை வரும்.